மருமவனே, இதுல எது என் நம்பரு?

பழவேற்காட்டுக் குப்பங்களிலும் பி.பி. மிஷின் நுழைந்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் எண் வந்துவிடுகிறது. வந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம்.

காலை ஏழரை மணி. ஏலம் முடிந்து அத்தை வீட்டுக்குள் நுழைகிறார். புடவைக் கொசுவத்தில் ஈரம், கையில் இறால் வாடை, இடுப்பில் சுருக்குப் பை. வந்த வேகத்தில் முருகன் படத்துக்குக் கீழே இருந்த வெள்ளை டப்பாவை எடுத்து, ஜாக்கெட் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றிக்கொண்டார். "அஞ்சு கிலோ போட்டா நாலரைக்குத்தான் துட்டு குடுக்கறான், கேட்டா ஐஸ் தண்ணின்றான்" என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மிஷின் புஸ்ஸென்று காற்றை ஏற்றுகிறது. 168-க்கு 98.

முகம் சுருங்கிவிட்டது. "இன்னொரு வாட்டி அமுக்கு." 160-க்கு 94. மூன்றாவது தடவை 154.

"மூணு வாட்டி அமுக்கினா மூணு சொல்லுது. இது மட்டும் தராசா இருந்தா ஏரில கடாசியிருப்பேன். நீயே சொல்லு மருமவனே, இதுல எது என் நம்பரு?"

மீஞ்சூரிலிருந்து நான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்த மிஷின் அது. பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு. ஆனால் அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

நோட்டில் இருந்த இரண்டு பொய்கள்

அத்தையிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று உண்டு. முன்பக்கத்திலிருந்து மடவை, இறால், நண்டு என்று வியாபாரக் கணக்கு. பின்பக்கத்திலிருந்து பிரஷர் கணக்கு. புரட்டிப் பார்த்தேன். எல்லாமே நல்ல எண்கள்! 134, 132, 136. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. நாலைந்து தடவை அமுக்கி, எது குறைவோ அதை மட்டும் எழுதியிருக்கிறார். "அதிகமா வர்றதெல்லாம் மிஷின் தப்பு" என்பது அவர் கட்சி.

மாமாவின் வழி நேர்மாறு. தலை கிறுகிறுத்தால்தான் மிஷினைத் தொடுவார். இரவெல்லாம் தண்ணீரில் நின்று, பீடியைப் பற்றவைத்து, தூக்கம் கெட்டுத் தலை வலிக்கும்போது அளந்தால் என்ன வரும்? அவருடைய பக்கம் முழுக்க 170, 176, 165. ஒரே வீடு, ஒரே மிஷின், ஒரே நோட்டு. ஒருவர் நல்ல நாளை மட்டும் எழுதுகிறார், இன்னொருவர் கெட்ட நாளை மட்டும். இரண்டுமே பொய்க்கணக்கு. இந்த நோட்டை நம்பி எந்த டாக்டராலும் மாத்திரை எழுத முடியாது.

இந்த இரண்டு வியாதியும் குப்பத்துக்கு மட்டும் சொந்தமில்லை. அண்ணா நகர் அடுக்குமாடியில் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜரும் இதைத்தான் செய்கிறார். அவர் கைபேசியில் எழுதுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு நாள் பாட்டை வைத்து ஏரியை எடை போடலாமா?

ரத்த அழுத்தம் நிலையான எண் கிடையாது. ஒவ்வொரு துடிப்புக்கும் மாறும். தூங்கும்போது இறங்கும், விழிக்கும் நேரத்தில் ஏறும், பேசினால் ஏறும், சிறுநீரை அடக்கினால் ஏறும், குளிரில் ஏறும், சண்டை போட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு தடவை அளந்து கிடைப்பது அந்த நிமிடத்தின் எண். மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற ரத்தக் குழாய்களைத் தேய்ப்பதோ, மாதக்கணக்கில் வருடக்கணக்கில் அவற்றின் மேல் விழும் சராசரி அழுத்தம்.

'சராசரி' என்றதும் அத்தை உதட்டைப் பிதுக்கினார். 'பாடு' என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பழவேற்காடு ஏரியில் பாடு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஏரியில் மீன் படும் இடம் எல்லாம் ஒன்று போல இருக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் இறால் கொட்டும், வேறோர் இடத்தில் வலை வெறுமனே வரும். அதனால் யாருக்கும் ஒரே இடத்தை நிரந்தரமாகக் கொடுப்பதில்லை. முறை வைத்துச் சுற்றிவர வேண்டும். இன்று நல்ல பாடு கிடைத்தவர் நாளை மெலிந்த பாட்டுக்குப் போவார். முறை முழுக்கச் சுற்றி வந்தால்தான் ஒருவருடைய வரும்படி என்ன என்பது தெரியும். ஒரு நாள் கூடையைப் பார்த்து அவரைப் பணக்காரர் என்றும் சொல்ல மாட்டார்கள், பரதேசி என்றும் சொல்ல மாட்டார்கள்.

"அப்போ ஒரு வாரப் பாட்டையும் கூட்டிப் பங்கு போடணும்ன்ற" என்றார் அத்தை. அவ்வளவேதான். இதைவிடச் சுருக்கமாக எந்த மருத்துவப் புத்தகமும் சொன்னதில்லை.

பெட்டிச் செய்தி: ஏழு நாள் கணக்கு

உலகின் பல மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கும் முறை இது. தொடர்ந்து 7 நாள். காலையில் 2 தடவை, மாலையில் 2 தடவை, நடுவில் 1 நிமிட இடைவெளி. முதல் நாளின் 4 எண்களைத் தள்ளிவிட வேண்டும். மிச்சம் 24 எண்கள். மேல் எண்களைத் தனியாகக் கூட்டி 24-ஆல் வகுக்க வேண்டும், கீழ் எண்களையும் அப்படியே. ஏழு நாள் முடியாவிட்டால் குறைந்தது 3 நாளாவது வேண்டும்.

சராசரி 135-க்கு 85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, வீட்டுக் கணக்குப்படி அது உயர் ரத்த அழுத்தம். ஆஸ்பத்திரியில் பார்க்கும்போது அந்தக் கோடு 140-க்கு 90. மேல், கீழ் இரண்டில் ஒன்று தாண்டினாலும் தாண்டியதுதான். அமெரிக்க மருத்துவர்கள் இன்னும் கடுமை. அவர்களுக்கு வீட்டிலும் 130-க்கு 80.

அந்த வாரம் நடந்தது

முதல் நாள் எண்களை ஏன் தள்ளுகிறோம்? அத்தையின் 168-ஏ சாட்சி. முதல் நாள் பதற்றம், பட்டை இறுக்கும்போது நெஞ்சும் சேர்ந்து இறுகுகிறது. அதோடு ஏலத்திலிருந்து நடந்து வந்தது, துணிமேல் பட்டை கட்டியது, வாய் ஓயாமல் பேசியது. அன்று வந்த எண்கள் எல்லாவற்றையும் பென்சிலால் அடித்தோம்.

இரண்டாம் நாளிலிருந்து ஒழுங்கு. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்ததும், சிறுநீர் கழித்துவிட்டு, டீக்கும் மாத்திரைக்கும் முன்னால், சுவரில் சாய்ந்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். இந்தச் 'சும்மா'தான் அத்தைக்குப் பெரிய தண்டனை. கையை மடித்த தலையணைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து இரண்டு தடவை அளப்பார். சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன் இன்னும் இரண்டு. என்ன வந்தாலும் எழுத வேண்டும். வந்ததை மாற்றக் கூடாது. இது மட்டும் என் நிபந்தனை.

ஆறு நாளில் காலையில் வந்த மேல் எண்கள்: 148, 144, 146, 142, 150, 144, 142, 140, 146, 142, 144, 140. மாலையில்: 140, 138, 136, 134, 138, 136, 134, 132, 140, 136, 136, 136.

கூட்டியது அத்தைதான். கால்குலேட்டரில் நான் தட்டுவதற்குள் விரல் கணுவில் போட்டு முடித்துவிட்டார். காலைப் பங்கு 144. மாலைப் பங்கு 136. எல்லாம் சேர்த்து 3,364. அதை 24-ஆல் வகுத்தால் 140. கீழ் எண்களின் சராசரி 84.

இப்போது அந்த எண்களை மறுபடி பாருங்கள். அவரை நடுங்கவைத்த 168-ம் அவருடையது இல்லை. நோட்டில் ஆசையாக எழுதி வைத்த 132-ம் அவருடையது இல்லை. அத்தையின் நம்பர் 140-க்கு 84. பயந்து ஓட வேண்டிய எண் இல்லை. விட்டுவிடக்கூடிய எண்ணும் இல்லை. கோட்டுக்கு மேலே 5.

ஐந்துதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 48 மருந்துப் பரிசோதனைகளில் பங்கேற்ற சுமார் 3,44,000 பேரின் விவரங்களைச் சேர்த்து அலசி, 2021-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வின் முடிவு இது: மேல் எண் 5 குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற பெரிய ஆபத்துகள் சுமார் 10 சதவீதம் குறைகின்றன. அந்த 5-ஐத் தப்பாமல் பிடிக்க வேண்டும். ஆனால் ஒரு தடவை அளப்பதில் வரும் ஊசலாட்டமே பத்து, பதினைந்து. ஒற்றை எண்ணை வைத்து அந்த ஐந்தைப் பிடிப்பது, பெரிய கண் வலையில் சென்னாகுனி என்ற பொடி இறாலைப் பிடிப்பது போல.

ஒற்றை எண் செய்த வேலை

இந்த வாரத்துக்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு வருடத்துக்கு முன் அத்தை ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். எது என்பது வேண்டாம், எங்கும் நடப்பதுதான். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து, வரிசையில் நின்று, உட்கார்ந்த மறு நிமிடம் அளந்தார்கள். 170-க்கு மேல். 5 மில்லிகிராம் அம்லோடிபின் அன்றே 10 ஆனது. இரண்டு வாரத்தில் கணுக்கால் இரண்டும் வீங்கின. அம்லோடிபின் அளவு கூடும்போது கால் வீங்குவது எல்லோரும் அறிந்த பக்கவிளைவு. அத்தைக்கு அதை யாரும் சொல்லவில்லை. "கிட்னி போயிடுச்சு" என்று பக்கத்து வீட்டில் முடிவு செய்தார்கள். அத்தை மாத்திரையையே நிறுத்திவிட்டார்.

அடுத்த நாலு மாதம் மாத்திரை இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பது அதிர்ஷ்டம். ஒன்றும் *தெரியவில்லை* என்பதுதான் இந்த நோயின் குணம். தலைவலி வந்தால்தான் பிரஷர் என்று நம்மில் பாதிப்பேர் நினைக்கிறோம். 160-ல் ஓடிக்கொண்டிருக்கும் உடம்பு பெரும்பாலும் எந்தச் சத்தமும் போடாது. 'ரத்தக் கொதிப்பு' என்று நாம் வைத்த பெயரே ஏமாற்றுகிறது. கொதித்தால் தெரியுமே!

மருத்துவமனையில் ஏறி, வீட்டில் இறங்குவதை 'வெள்ளைக் கோட்டுப் பிரஷர்' என்பார்கள். அதைவிட மோசமானது எதிர்ப்பக்கம்: ஆஸ்பத்திரியில் 130 காட்டும், வீட்டில் 145 ஓடும். டாக்டர் "நல்லா இருக்கீங்க" என்று அனுப்பிவிடுவார். புகைப்பவர்கள், குடிப்பவர்கள், ராத்தூக்கம் கெட்டவர்களிடம் இது அதிகம் ஒளிந்திருக்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் என் மாமாவின் ஜாதகம் மாதிரி இருக்கிறது.

வீட்டு எண்ணுக்கு இத்தனை மதிப்பு ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தது. ஜப்பானின் இவாத்தே மாகாணத்தில் ஒஹாசமா என்ற விவசாய ஊர். 1980-களின் பிற்பகுதியில் தொஹோக்கு பல்கலைக்கழகத்தின் யுட்டகா இமாய் குழுவினர் அங்கே வீடு வீடாக மிஷின் கொடுத்து, மக்களையே அளந்து எழுதச் சொன்னார்கள். வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில், யாருக்குப் பக்கவாதம் வரும், யார் உயிருக்கு ஆபத்து என்பதை முகாமில் அளந்த எண்ணைவிட வீட்டில் எழுதிய எண்களின் சராசரி நன்றாகக் காட்டியது. 135-க்கு 85 என்ற கோட்டுக்கு அந்த ஊர் நோட்டுகளும் ஓர் அடிப்படை.

கடலுக்குப் போகிறவனுக்குக் காலை எது?

'காலை, மாலை' என்று எழுதியவர்கள் ஒன்பது மணிக்கு ஆபீஸ் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். மாமா நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, வெயில் ஏறிய பிறகு திரும்பி, பகலில் தூங்குகிறவர். அவருடைய காலை பிற்பகல் மூன்று மணி.

அதில் தப்பில்லை. மணியைப் பார்க்க வேண்டாம், தூக்கத்தைப் பார்த்தால் போதும். தூங்கி எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் அளப்பது காலைக் கணக்கு. படுக்கப் போகும் முன் அளப்பது மாலைக் கணக்கு. பீடி, டீக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். சரக்கு போட்ட அன்று வரும் எண்ணையும் எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் டாக்டருக்குப் புரியும். ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை போடுவார்களே, ஸ்ரீஹரிகோட்டா பக்கத்திலேயே இருப்பதால் வரும் கட்டாய லீவு. மாமாவுக்கு ஒழுங்காக அளக்கக் கிடைத்த முதல் நாள் அதுதான்.

மாத்திரை விஷயத்தில் வேறொரு முடிச்சு. பிரஷருக்குத் தரும் மருந்துகளில் ஒரு வகை, உடம்பிலிருந்து உப்பையும் தண்ணீரையும் சிறுநீராக வெளியேற்றும். ஊரில் 'தண்ணி மாத்திரை' என்பார்கள். விலை மலிவு, நன்றாக வேலை செய்யும். ஆனால் கூடை தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். கழிப்பறை இருக்காது, இருந்தாலும் நுழைய முடியாது. சந்தைக்குப் போகும் நாளில் அந்த மாத்திரையைத் தொடவே மாட்டார்கள். தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். டாக்டர் கேட்டால் "போட்டேன்" என்பார்கள். வெட்கத்தைச் சீட்டில் எழுத இடமில்லை.

நோட்டு இருந்தால் இது வெளியே வரும். சந்தை நாளில் எண் ஏறியும், வீட்டில் இருக்கும் நாளில் இறங்கியும் இருந்தால் கேள்வி தானாக எழும். மருந்தைச் சந்தை முடிந்து வந்ததும் போடலாமா, வேறு வகைக்கு மாறலாமா என்பதெல்லாம் டாக்டர் இரண்டு நிமிடத்தில் தீர்க்கக்கூடியவை. கேட்டால்தானே?

மருந்து கூடிப்போனால் வரும் ஆபத்தும் இங்கே வேறு மாதிரி. நகரத்தில் தலை சுற்றினால் சோபாவில் உட்காரலாம். ஃபைபர் படகின் விளிம்பில் நின்று வலை இழுக்கும்போது கண் இருட்டினால்? ஒற்றை எண்ணைப் பார்த்து மருந்தை ஏற்றுவது பிடிமானம் இல்லாத இடத்தில் ஓர் ஆளை நிறுத்துவது.

பெட்டிச் செய்தி: அளக்கும்போது

பட்டை வெறும் கையில், முழங்கைக்கு மேலே. வலை இழுத்துத் தடித்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் பொய்யாக ஏறும். கடையில் வாங்கும்போதே கையைச் சுற்றி அளந்து, பெரிய பட்டை வேண்டுமா என்று கேளுங்கள். முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். எதில் அதிகமோ அந்தக் கையே இனி எப்போதும். நாற்காலி என்றால் முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கால்மேல் கால் கூடாது. கை தொங்கினால் எண் கூடும். பேச்சு கூடாது. மணிக்கட்டில் கட்டும் மிஷினைவிட மேல்கையில் கட்டுவதே நம்பகமானது. நாடித்துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு இந்த மிஷின் தப்பாகக் காட்டலாம், டாக்டரே அளக்கட்டும். வருடத்துக்கு ஒரு முறை மிஷினை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உப்பு, கடலிலிருந்தும் கிணற்றிலிருந்தும்

அத்தை வீட்டில் கருவாடு இல்லாத நாள் கிடையாது. மழைக்காலத்தில் மீன் படாதபோது கருவாடுதான் கைகொடுக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி. கருவாட்டுக் குழம்பில் தனியாக உப்புப் போடாமல் விடலாம், கருவாட்டை இரண்டு தண்ணீரில் ஊறவைத்துக் கழுவலாம். நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தண்ணீர்க் கதை வேறு. மீஞ்சூர் பகுதியில் நிலத்தடி நீரைக் கண்டபடி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது என்பது 1960-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்ட விஷயம். அதற்குப் பிறகும் கடல் மைல்கணக்கில் உள்ளே நகர்ந்தது. காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த, நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்தான், மீஞ்சூர் ஆலை. தண்ணீர் போவது சென்னைக்கு. உப்பேறிய குடிநீருக்கும் பிரஷருக்கும் உள்ள தொடர்பை வங்கதேசக் கடலோரத்தில் டாக்கோப் பகுதியில் ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே உப்பு கூடிய தண்ணீர் குடித்த கர்ப்பிணிகளிடம் உயர் ரத்த அழுத்தம் அதிகம் இருந்தது. கரிக்கும் கிணறு கொண்ட எந்தக் கடலோர ஊரும் படிக்க வேண்டிய செய்தி.

சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம், சாதாரண உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவு: பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. கடையில் 'லோ சோடியம்' என்று கிடைப்பது இந்த வகைதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது. டெல்மிசார்டன் போன்ற சில மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

நோட்டை யார் படிப்பது?

தமிழ்நாட்டின் கணக்கு முகத்தில் அறைகிறது. 2020-ல் மாநில அரசு எடுத்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வில், 18 முதல் 69 வயதுவரை உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு, 33.9 சதவீதம் பேருக்கு, உயர் ரத்த அழுத்தம். அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டும். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2023-24-ல் மறுபடி எடுத்த ஆய்வில் அந்த 7.3, 17 ஆகியிருந்தது. இரண்டு மடங்குக்கும் மேல். 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. கைதட்டலாம். தட்டிக்கொண்டே நூற்றில் மிச்சம் 83 பேர் என்ன ஆனார்கள் என்றும் கேட்கலாம்.

வீடு தேடிப் போய் அளப்பது நமக்குப் புதிதும் இல்லை. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி தொடங்கிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், 1990-களிலேயே சென்னையை அடுத்த கிராமங்களில் 25,000 பேரிடம் இதைச் செய்தது. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டுக்கு வீடு பிரஷரும் சிறுநீரும் பார்க்கச் சொல்லி, இருப்பதிலேயே மலிவான மருந்துகளைக் கொடுத்தார்கள். டயாலிசிஸ் வசதி இல்லாதவர்களை அந்த நிலைக்கே போகவிடாமல் தடுப்பதுதான் திட்டம்.

மிஷின் மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. பிரிட்டனில் 1,182 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வந்தது. வீட்டில் அளந்த எண்களைப் பார்த்து டாக்டர் மருந்தை மாற்றியவர்களுக்கு ஒரு வருடத்தில் மேல் எண் சராசரி 137, வழக்கம்போல் கிளினிக் எண்ணை வைத்தே மருத்துவம் பெற்றவர்களுக்கு 140. அங்கே வேலை செய்தது மிஷின் இல்லை, எண்ணைப் பார்த்து எடுத்த முடிவு. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசக் கிராமங்களில் 2,645 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2020-ல் வெளியானது. அரசின் களப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் அளந்து, கூடுதலாக இருந்தவர்களை டாக்டரிடம் அனுப்பியதில், மற்ற ஊர்களைவிட மேல் எண் ஏறக்குறைய 5 அதிகம் குறைந்தது. மறுபடி அதே 5.

அத்தை வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் நம்ம ஊர்ப் பெண்தான். நிறுத்திய மாத்திரையைப் பேசிப் பேசி மறுபடி 5 மில்லிகிராமில் தொடங்கவைத்தவர் அவர். அத்தையின் நோட்டைப் புரட்டிவிட்டு, "இத டாக்டராண்ட காட்டு ஆயா, சும்மா வூட்ல வெச்சிக்காத" என்றார். காட்டினோம். டாக்டர் கடைசி வரியை, 140-க்கு 84-ஐ மட்டும் பார்த்தார். பிறகு காலைச் சராசரி, மாலைச் சராசரி. அம்லோடிபினைத் தொடவில்லை, கால் வீங்கியது நோட்டில் இருந்தது. கூடவே ஒரு டெல்மிசார்டன் 40 எழுதினார். ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட இரண்டு மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடும், தொந்தரவு குறையும். சிறுநீரகமும் பொட்டாசியமும் பார்க்க ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். மொத்தம் நாலு நிமிடம்.

பெட்டிச் செய்தி: சராசரி பார்க்கக் கூடாத நேரம்

எண் 180-க்கு 120-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் உடனே 108. வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, பேச்சு குழறுவது இருந்தால் மிஷினையே தேட வேண்டாம். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. பழவேற்காட்டிலிருந்து திருப்பாலைவனம், பொன்னேரி தாண்டி ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரமும் அதில்தான் கழியும். தொந்தரவு இல்லாமல் எண் மட்டும் ஏறியிருந்தால் கூடுதல் மாத்திரையை நீங்களாக விழுங்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு 140-க்கு 90 வந்தாலே உடனே போக வேண்டும், ஒரு வாரக் கணக்கெல்லாம் அவர்களுக்கு இல்லை.

ஒரு குப்பத்துக்கு இரண்டு மிஷின்

மூன்று மாதம் கழித்து அத்தை இன்னொரு வாரம் எழுதினார். 24 எண்கள், சராசரி 131-க்கு 80. கால் வீக்கம் இல்லை. மாமாவின் பக்கம் இன்னும் ஐந்தாம் நாளிலேயே நிற்கிறது. பீடியும் நிற்கவில்லை.

நல்ல மிஷின் இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்பின். எல்லா வீட்டிலும் வாங்கச் சொல்வது நியாயமில்லை, தேவையும் இல்லை. ஒருவருக்கு வேண்டியது இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு வாரம்தான். ஒரு குப்பத்துக்கு இரண்டு மிஷினும் பெரிய பட்டை ஒன்றும் வாங்கி மகளிர் குழுவிடம் கொடுத்தால், வாரத்துக்கு இரண்டு வீடாக முறை வைத்துச் சுற்றிவிடலாம். முறை வைத்துச் சுற்றுவதை இந்த ஊருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மாத்திரை அட்டையில் வீட்டுச் சராசரி எழுத ஒரு கட்டம் போட்டால், அந்த எண் டாக்டர் கண்ணில் படும்.

இந்த இரண்டையும் அடுத்த கிராம சபையில் மனுவாகக் கொடுக்க எழுதிவைத்திருக்கிறோம். முதல் கையெழுத்து அத்தையுடையது. உங்கள் ஊர் சபையிலும் கேட்டுப் பாருங்கள்.